நிலைப்பு என்னும் ஒரு சொல்: வெங்காய வகைகளின் விளைச்சல் ஆய்வு குறித்து

2023ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே 4ஆம் நாள்தான் அத்தடை நீங்கிற்று. பருவமழை ஒழுங்கு தவறியதால் விளைச்சல் குறையும் என்ற அச்சமும், அதனால் ஏறிய உள்நாட்டு விலையுமே தடைக்குக் காரணங்கள். மகாராட்டிரத்தில் மழை பொய்த்தால் நம் சமையலறையில் வெங்காயத்தை எண்ணி எண்ணி உரிக்க நேரிடும் என்பதை அந்த ஐந்து மாதங்களில் நாம் எல்லாரும் உணர்ந்தோம்.

எந்த ஆண்டிலும் எந்த நிலத்திலும் ஏமாற்றாது விளையும் வெங்காய வகை ஒன்று இல்லையா என்று மாணவர் கேட்பது இயல்பு. இக்கேள்விக்கு விடை காண்பதற்கென்றே வேளாண் அறிஞர் ஓர் ஆய்வுமுறையை வளர்த்துள்ளனர். பல வகைகளைப் பல சூழல்களில் ஒருங்கே பயிரிட்டு, அவற்றுள் எதன் விளைச்சல் நிலைத்து நிற்கிறது என்று அளப்பது அம்முறை. மொழியியல் பயின்ற நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. அவ்வாய்வின் நடுவே நிற்கும் 'நிலைப்பு' என்னும் சொல் ஒரே வடிவில் இரு வேறு பொருள்களைச் சுமக்கிறது. அவற்றைப் பிரித்தறியாதவர் ஆய்வு முடிவைத் தலைகீழாகப் படித்துவிடக் கூடும். பாடநூலிலோ பயிர்க் குறிப்பிலோ அக்குழப்பம் புகுந்தால், அதற்கு விலை கொடுப்பவர் உழவர்.

முதலில் 'சூழல்' என்பது வெங்காயத்துக்கு எதனைக் குறிக்கிறது எனக் காண்போம். மண், மழை, வெப்பம், நோய் ஆகியவை எல்லாப் பயிர்க்கும் பொது. வெங்காயத்துக்கு இவற்றோடு பகற்பொழுதின் நீளமும் சேர்கிறது. இலை விட்டு வளரும் செடி எப்போது குமிழ் கட்டத் தொடங்க வேண்டும் என்பதை அது பகலின் நீளத்தைக் கொண்டும், ஓரளவு வெப்பத்தைக் கொண்டும் முடிவு செய்கிறது. இந்தியாவில் பயிராகும் வகைகள் குறும்பகல் வகைகள். பதினொரு பன்னிரண்டு மணி நேரப் பகலிலேயே அவை குமிழ் கட்டும். வட ஐரோப்பிய வகைகள் நெடும்பகல் வகைகள். பதினான்கு மணிக்கும் மேற்பட்ட பகல் கிடைத்தால்தான் அவற்றுக்குக் குமிழ் உருவாகும். நம் கடைகளில் 'ஹாலந்து வெங்காயம்' என்று விற்கப்படும் மஞ்சள் நிறப் பெரிய வெங்காயத்தை எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்தில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் நீள்வது. அந்நெடும்பகலுக்குப் பழகிய வகையின் விதையைக் கோலாலம்பூரில் விதைத்தால் இலைதான் மிஞ்சும். எத்தனை உரமிட்டாலும் பயனில்லை.

நாசிக் வட்டாரத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி நேரம். மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தைச் சற்றுக் கடக்கும். கோலாலம்பூரில் இவ்விரண்டுக்குமான வேறுபாடு ஏறத்தாழ 20 நிமிடந்தான். சிங்கப்பூரிலோ பத்து நிமிடத்துக்கும் குறைவு. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இறுதியில் இவை நமக்கு வேண்டியிருக்கும்.

இனி ஆய்வுமுறைக்கு வருவோம். வகைகளை ஓரிடத்தில் மட்டும் பயிரிட்டு மிகுதியாக விளைந்ததைத் தேர்ந்தெடுத்தால் போதாதா? போதாது. அவ்விடத்துக்கு அவ்வாண்டில் அது பொருந்தியது என்பதற்கு மேல் எதனையும் அம்முடிவு சொல்லாது. ஆகவே, ஒரே தொகுதி வகைகளைப் பல ஊர்களில், பல பருவங்களில், பல ஆண்டுகளில் நடுகின்றனர். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வகைக்கும் மூன்று நான்கு பாத்திகள் ஒதுக்குவர். எந்தப் பாத்திக்கு எந்த வகை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பர். ஆய்வாளரின் விருப்பும் நிலத்தின் மேடு பள்ளமும் ஒரு வகைக்கு மட்டும் சாதகமாகிவிடாதிருக்கவே இவ்வேற்பாடு. வெங்காயத்தில் மேலும் சில நுட்பங்கள் உண்டு. 15 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்த வரிசைகளில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு செடியாக நடுவது வழக்கம். நடுவே சில நாற்றுகள் பட்டுப்போனால், அண்டையிலுள்ளவை அவ்விடத்தையும் எடுத்துக்கொண்டு பருத்துவிடும். செடிகளை எண்ணாமல் எடையை மட்டும் போட்டால் கணக்கு ஏமாற்றும். பறித்தவுடன் எடையிடுவதும் சில நாள் உலர்த்திய பின் எடையிடுவதும் ஒன்றல்ல. வெங்காயத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்ட பங்கு நீர் என்பதை மறக்கலாகாது.

எண்கள் கைக்கு வந்தபின் என்ன செய்வது? பாடத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இவை உண்மையான ஆய்விலிருந்து எடுத்தவை அல்ல. மூன்று வகைகளை நான்கு சூழல்களில் நட்டதாகக் கொள்வோம். ஏக்டேருக்கு இத்தனை டன் என்ற கணக்கில் விளைச்சல் இவ்வாறு:

வகை அ: 16, 18, 20, 22. சராசரி 19.
வகை ஆ: 8, 14, 28, 34. சராசரி 21.
வகை இ: 12, 16, 24, 28. சராசரி 20.

சராசரியை மட்டும் பார்ப்பவர் ஆ என்னும் வகையையே தேர்வார். ஆனால் முதற் சூழலில் அது எட்டு டன்னே தந்தது. அ அதனினும் இருமடங்கு தந்தது. நான்காம் சூழலில் நிலைமை மாறி, ஆ முப்பத்துநான்கு தர, அ இருபத்திரண்டோடு நின்றது. சூழல் மாறியபோது வகைகளின் வரிசையே மாறிவிட்டது. இவ்வாறு வகையும் சூழலும் ஒன்றோடொன்று வினைபுரிவதை 'இடைவினை' என்பர். வரிசை மாறும் இடைவினை உள்ள இடத்தில் 'சிறந்த வகை எது?' என்ற வினாவுக்கு விடையில்லை, 'எங்கே?' என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

இதனை அளப்பதற்கு எளிய வழியொன்று உண்டு. ஒவ்வொரு சூழலிலும் எல்லா வகைகளும் தந்த சராசரியைக் கண்டு, அதனையே அச்சூழலின் தரத்துக்கு அளவாகக் கொள்ளலாம். நம் எடுத்துக்காட்டில் அச்சராசரிகள் 12, 16, 24, 28. வறிய சூழலும் வளமான சூழலும் இதனால் வரிசைப்பட்டுவிடுகின்றன. பின்னர் ஒவ்வொரு வகையின் விளைச்சலையும் இவ்வளவுக்கு எதிராக வரைபடத்தில் குறித்து, புள்ளிகளுக்கூடே நேர்கோடு ஒன்று வரையலாம். கோட்டின் சாய்வே நமக்கு வேண்டியது. சூழல் ஒரு டன் மேம்படும்போது அவ்வகை எத்தனை டன் கூடுகிறது என்பதைச் சாய்வு சொல்லும். கணக்கிட்டால் அ என்பதன் சாய்வு 0.35, ஆ என்பதன் சாய்வு 1.65, இ என்பதன் சாய்வு சரியாக 1. மூன்றின் சராசரி 1 ஆவதைக் காண்க. அது தற்செயலன்று. வகைகளின் சராசரியையே அளவுகோலாகக் கொண்டமையால் எப்போதும் அவ்வாறே வரும். அளக்கப்படும் பொருளிலிருந்தே அளவுகோலைச் செய்யலாமா என்று இம்முறையைக் குறை கூறுவோரும் உளர். அக்குறையில் நியாயம் உண்டு.

இவ்வழியை யேட்சும் காக்ரனும் 1938இலேயே ஒரு கட்டுரையில் காட்டியிருந்தனர். எனினும் அது பரவலாயிற்று என்றால், 1963இல் ஆத்திரேலியாவின் அடிலெய்டில் ஃபின்லே, வில்கின்சன் ஆகிய இருவரும் 277 பார்லி வகைகளை ஆராய்ந்து வெளியிட்ட பிறகே. மூன்றாண்டு கழித்து, 1966இல், அமெரிக்காவில் எபர்ஹார்ட், ரசல் ஆகியோர் மக்காச்சோளத்தைக் கொண்டு அம்முறையைத் திருத்தியமைத்தனர். இங்கேதான் சொல்லின் சிக்கல் எழுகிறது.

ஃபின்லே-வில்கின்சன் வழக்கில், சாய்வு சுழியை நெருங்க நெருங்க நிலைப்பு மிகும். எச்சூழலிலும் ஒரே அளவு விளைவதே முழுநிலைப்பு. நம் எடுத்துக்காட்டில் அ அதற்கு அருகில் நிற்கிறது. எபர்ஹார்ட்-ரசல் வழக்கில், சாய்வு 1 ஆக இருப்பதே நிலைப்பு. அதனோடு, புள்ளிகள் கோட்டை விட்டு விலகாதிருக்கவும் வேண்டும். அவர்கள் கணக்கில் இ என்பதே நிலையான வகை, அ நிலையற்றது. ஒரே எண்கள், ஒரே கோடுகள், ஒரே சொல். தீர்ப்பு மட்டும் வேறு.

விலகல் என்றோமே, அதனைச் சற்று விளக்க வேண்டும். ஈ என்று நான்காவது வகை ஒன்று அதே சூழல்களில் 16, 10, 30, 24 டன் விளைந்ததாகக் கொள்வோம். முதல் மூன்று வகைகளின் சராசரிகளோடு ஒப்பிட்டால் இதன் சாய்வு 0.9, சராசரி 20. இரண்டும் இ என்னும் வகையை ஒத்தே இருக்கின்றன. ஆயினும் இரண்டாம் சூழலில் கோடு முன்னுரைப்பதைவிட ஆறு டன்னுக்கு மேல் குறைந்தும், மூன்றாம் சூழலில் ஆறு டன்னுக்கு மேல் கூடியும் விளைந்துள்ளது. சாய்வு ஒழுங்காக இருந்தும் நடத்தை ஒழுங்காக இல்லை. இத்தகைய வகையை நம்பி எவரும் திட்டமிட இயலாது. எபர்ஹார்ட்டும் ரசலும் செய்த நன்மை, சாய்வோடு இவ்விலகலையும் எண்ணாக்கி முன்வைத்ததே என்பது நம் கருத்து. பின்னாளில் வந்த முறைகள் கணக்கு நுட்பத்தில் இவற்றை விஞ்சியவை. இடைவினையைப் பல கூறுகளாகப் பிரித்து வகைகளையும் ஊர்களையும் ஒரே படத்தில் காட்டுவன அவை. அவற்றுள் நாம் இங்கு நுழைய வேண்டுவதில்லை.

மொழியியல் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. தமிழில் ககர ஒலியன் சொல்லின் முதலில் ஒருவாறும், 'பங்கு' என்பதில் மெல்லினத்தை அடுத்து வேறொருவாறும், 'பகல்' என்பதில் உயிர்களுக்கிடையே மற்றொருவாறும் ஒலிக்கிறது. ஒலி மாறுகிறது, மாறுவதில் ஒழுங்கு மாறவில்லை. எனவே அதனை நாம் ஒரே ஒலியன் என்கிறோம். மகரமோ எங்கும் பெரும்பாலும் ஒரே தன்மையதாய் ஒலிக்கிறது. மகரத்தின் நிலைப்பு ஒரு வகை. ககரத்தின் நிலைப்பு வேறொரு வகை. 'சூழல்' என்ற சொல்லை ஒலியனியலாரும் பயிரியலாரும் ஒருங்கே ஆள்வது பொருத்தமே என்று நாம் நினைப்பதுண்டு.

ஆங்கிலத்தில் இக்குழப்பத்தைக் களைவதற்கு 1988இல் பெக்கரும் லியோனும் எழுதிய ஆய்வுரையில் இரு பொருள்களுக்கும் இரு அடைமொழிகள் தந்தனர். தமிழில் அவற்றை 'அசையா நிலைப்பு', 'இயங்கு நிலைப்பு' எனலாம் என்பது நம் பரிந்துரை. சூழல் மாறினும் விளைச்சல் மாறாமை அசையா நிலைப்பு. சூழல் எந்த அளவு மாறுகிறதோ அந்த அளவே, எதிர்பார்த்தவாறே, விளைச்சல் மாறுவது இயங்கு நிலைப்பு. ஆசிரியர்கள் 'நிலைத்தன்மை' என்று மட்டும் எழுதிவிட்டுச் செல்லாமல் இவ்விரு அடைகளுள் ஒன்றைச் சேர்த்து எழுதினால் மாணவர் தடுமாறமாட்டார். நிலைப்பு வேறு, பரவலாகப் பொருந்தும் தன்மை வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் ஒரே சீராகக் குறைவாக விளையும் வகையும் அசையா நிலைப்பு உடையதே. அதனைப் பயிரிட்டுப் பயனென்ன?

எந்த நிலைப்பு வேண்டும் என்பது கேட்பவரைப் பொறுத்தது. ஓர் ஏக்கரை நம்பி வாழும் சிறு உழவர்க்கு ஓராண்டு விளைச்சல் எட்டு டன்னாக விழுந்தால், மறு ஆண்டின் முப்பத்துநான்கு டன் அக்கடனைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியில்லை. நல்ல விளைச்சலாண்டில் விலை வீழ்ந்துவிடுவதும் வெங்காயத்துக்கு வழக்கமே. அவருக்கு அ என்னும் வகை ஆறுதல் தரும். நீரும் உரமும் குறைவின்றி இடவல்லவர்க்கு ஆ பொருத்தம். பல மாவட்டங்களின் மொத்த விளைச்சலைக் கணக்கிடும் அரசுக்கோ, முன்னறியத்தக்க இ உகந்ததாகலாம்.

சூழல் என்பதில் இடமும் காலமும் அடங்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பெருந்தவறு. இடம் மீண்டும் மீண்டும் அதே இடந்தான். ஒரு வகை கரிசல் மண்ணில் சிறந்து செம்மண்ணில் தாழ்ந்தால், கரிசலுக்கு இது, செம்மண்ணுக்கு அது என்று பரிந்துரைத்துவிடலாம். பருவமும் அவ்வாறே. மகாராட்டிரத்தில் வெங்காயம் மூன்று பருவங்களில் விளைகிறது: மழைக்காலத்துக் கரீப், அதன்பின் வரும் பிற்கரீப், குளிர்காலத்தில் நட்டுக் கோடையில் அறுக்கும் ரபி. நாசிக் வட்டாரத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட பழைய வகைகளுள் என்-53 கரீப் பருவத்துக்குரியது. என்-2-4-1 ரபி பருவத்துக்குரியது. புணே அருகே ராஜ்குருநகரிலுள்ள வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி இயக்ககம் வெளியிட்ட வகைகளிலும் பீமா சூப்பர் கரீப்புக்கும் பீமா கிரண் ரபிக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவ்வகைகளைக் குறை சொல்வோர் இல்லை. இடைவினையைப் பகையாகக் கருதாது பயன்கொண்டதன் விளைவு இது.

இதன் எல்லைக்கே சென்றது பெங்களூரு ரோஸ் வெங்காயம். பெங்களூரு, சிக்கபள்ளாப்பூர், கோலார் பகுதிகளின் மண்ணோடும் காலநிலையோடும் ஒன்றிய அது 2015இல் புவிசார் குறியீடு பெற்றது. மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதற்கென்றே பெரிதும் பயிராவது. நம் கடைகளில் அதனைக் கண்டிருப்பீர்கள். எங்கும் நிலைத்து விளைவது அதன் பெருமையன்று. ஓரிடத்தில் மட்டுமே தன் குணம் காட்டுவதே பெருமை.

ஆண்டு அத்தகையதன்று. அடுத்த ஆண்டு மழை எப்படி என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே ஆண்டுக்கென்று வகை பரிந்துரைக்கவும் இயலாது. இடத்தோடு வரும் இடைவினையைத் தேர்வால் வெல்லலாம். ஆண்டோடு வரும் இடைவினைக்கு நிலைப்பு ஒன்றே துணை. ஆகவே மூன்று ஊர்களில் இரண்டாண்டு நட்டுவிட்டு 'ஆறு சூழல்கள்' என்று எண்ணிக் கோடு வரைந்து நிலைப்பை அறிவிக்கும் ஆய்வுகளை நாம் ஐயத்தோடே படிக்க வேண்டும். ஆண்டுகள் அவற்றுள் இரண்டேதாம்.

எதன் நிலைப்பு என்பதும் கேட்கத்தக்கது. மொத்த எடை நிலைத்திருந்தும், அதில் இரட்டைக் குமிழ்களும் தடித்த கழுத்துடையனவும் பூத்தண்டு எழுந்தனவும் ஓராண்டு மிகுந்து ஓராண்டு குறையலாம். வணிகர் அவற்றை ஒதுக்கிவிடுவார். ரபி வெங்காயம் நான்கைந்து மாதம் இருப்பில் கிடந்து மழைக்காலச் சந்தையைத் தாங்குவது. அறுவடை நாளின் எடையில் முதலிடம் பெற்ற வகை, கிடங்கில் அழுகி, நான்காம் மாதத்தில் கடையிடம் பெறுவதும் உண்டு. விற்கத்தக்க விளைச்சலின் நிலைப்பையும் இருப்புத் தாங்கலையும் சேர்த்து அளக்காத ஆய்வு பாதி ஆய்வே என்போம்.

வகை என்பதன் பொருளும் வெங்காயத்தில் ஒருமையன்று. பெரிய வெங்காயம் தேனீக்களால் அயல் மகரந்தம் பெற்று விதை கட்டுவது. எனவே ஒரு வகையின் செடிகள் ஒன்றுபோல் தோன்றினும் மரபால் சிறிது சிறிது வேறுபட்டவை. சிலவற்றுக்கு மழை ஆகாவிடினும் வேறு சில ஈடுசெய்யும். கூட்டமே தாங்கிக்கொள்கிறது. சின்ன வெங்காயத்தையோ பெரும்பாலும் குமிழையே நட்டுப் பெருக்குகிறோம். செடிகள் எல்லாம் ஒரே மரபின் படிகள். அங்குக் கூட்டத்தின் துணை இல்லை. தனிச்செடியின் தாங்குதிறனே உண்டு. இவ்விரு வகைத் தாங்கலையும் 1964இல் ஆலர்டும் பிராட்ஷாவும் பிரித்துக் காட்டினர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ ஆன்-5 இவ்வகையில் கவனிக்கத்தக்கது. சமவெளியிலேயே விதை கட்டும் சின்ன வெங்காய வகை அது. ஏக்டேருக்கு ஓராயிரம் கிலோவுக்கு மேல் விதை வெங்காயம் வேண்டியிருந்த இடத்தில் சில கிலோ விதை போதும் என்பதையே எல்லாரும் பேசுவர். குமிழ்வழிப் பெருக்கம் விதைவழிப் பெருக்கமாகும்போது அதன் நிலைப்பும் மாறுமா என்பது, நம் பார்வையில், அதற்கு இணையாகக் கேட்கத்தக்க கேள்வி.

மலேசியாவில் அண்மை ஆண்டுகளாக மார்டி நிறுவனம் சின்ன வெங்காயத்தை உள்நாட்டிலேயே பயிரிடும் முயற்சியில் ஈடுபட்டுள்ளது. அம்முயற்சிக்கு நிலைப்பு ஆய்வு எவ்வாறு அமைய வேண்டும் என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். முன்பு நினைவில் கொள்ளச் சொன்ன எண்கள் இங்கு வேண்டும். பகலின் நீளம் இங்கு ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் நாசிக்கில் பருவத்துக்குப் பருவம் வகைகளைப் பிரித்து நிறுத்தும் காரணிகளுள் ஒன்று இங்கு இல்லை. மிஞ்சுவன மழையும் மண்ணும் உயரமும். கிளந்தான் கடற்கரை மணலும், பேராக்கின் பழைய ஈயச் சுரங்க நிலமும், கேமரன் மலையும் மண்ணாலும் உயரத்தாலும் வேறுபட்டவை. அவற்றை ஊர்களாகத் தேர்ந்தெடுப்பது எளிது. மழையை அவ்வாறு தேர்ந்தெடுக்க முடியாது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும் மழையில் இலைநோயும் வேரழுகலும் சேர்ந்துகொள்ளும். வெங்காயத்தின் வேரோ பெரும்பாலும் மேல்மண் ஓரடிக்குள்ளேயே நின்றுவிடுவது. பகல் தடை செய்யாத நாட்டில் எந்த மாதத்திலும் நடலாம் என்பதால், அதே ஊரில், அதே வகைகளை, மாதந்தோறும் புதிதாக நட்டு, இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து அளக்க இங்கு வாய்ப்பு உண்டு. அப்போது ஒவ்வொரு நடவு மாதமும் தனித்தனிச் சூழலாக எண்ணப்படும். வரைபடத்தின் இடக்கோடியில் நிற்கும் வறிய சூழல்கள் பெரும்பாலும் மழை மாதங்களாகவே இருக்கும். கோடு வரைந்தபின் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடக்கோடியில் எந்த வகை எத்தனை டன் தந்தது என்பதையே.